ர்

கச்சேரிக்கு எதிரில் இரண்டு கொப்பி மெசின்,
ஒரு கொம்பியூட்டர், நான்.
காணிச் சண்டை, காணாமற்போன பிள்ளை, பென்சன்,
எதுவானாலும் பக்கத்துக்கு இவ்வளவு.
பொலிசுக்குக் கடிதம் என்றால் மட்டும்
வருகிறவர்கள் குரலைத் தாழ்த்துவார்கள்.
நான் ஃபானை நிறுத்துவேன், கேட்பதற்காக.

அளவெட்டிக் கஜிதா
"அவன்" என்றே தொடங்கினாள். சுலபம்.
ரியூசன் வாசலில் நிற்கிறான்,
பஸ்ஸில் பின்சீற்றில் இருக்கிறான்,
ஒரே இரவில் நூற்றுப் பதினொரு மிஸ்ட் கோல்.
தட்டிக் கொடுத்தேன். பொலிசில் வாங்கினார்கள்.
வாங்கி வைத்துவிட்டுத் தாயைக் கேட்டார்களாம்:
பெடியனுக்கு உத்தியோகம் இருக்குத்தானே,
பேசி முடிச்சால் என்ன?

பாசையூர் எமில்தாஸ் வந்தது வேறு மாதிரி.
பிறப்புச் சான்றிதழில் ஒரு கொப்பி எடுத்துப் போனான்.
மறுநாளும் அதே சான்றிதழ்.
மூன்றாம் நாளும்.
"இன்னும் எத்தினை தரம் பிறக்கப் போறீர்?" என்றேன்.
சிரிக்கவில்லை.
சுவர்க் கலண்டரைப் பார்த்தபடி சொன்னான்:
ஒருவர் பின்னால் வருகிறார்.
வலை காயும் இடத்துக்கும் வருகிறார்.
என்னை விட்டால் உன் வீட்டில் சொல்லுவேன் என்கிறார்.

ஒருவர். வருகிறார். என்கிறார்.
இப்படி நடுங்க வைக்கிறவனுக்கு
ஏன் இந்த மரியாதை என்று நான் கேட்கவில்லை.
அந்த ர் எதை மூடுகிறது என்று எனக்குத் தெரியும்.
சின்ன எழுத்து. தலையில் ஒரு புள்ளி,
சாவித் துவாரம் போல.

கடன் தகராறு என்று எழுதச் சொன்னான். எழுதினேன்.
பொலிசில் இரண்டு பேரையும் இருத்தி
தவணை போட்டுத் தீர்த்து வைத்தார்கள்.
வாங்காத கடனை இப்போது கட்டுகிறான்,
மாதம் ஒரு தரம்,
நேரில்,
அந்த ஒருவரின் கையில்.

என் கதையை நான் எந்த மெசினிலும் தட்டவில்லை.
பவுஸ்தீனா என் ஸ்கூட்டிக்குப் பின்னால் வருகிறா.
ஆரியகுளச் சந்தியில் சிவப்பு விழுந்தால்
பக்கத்தில் வந்து நிற்கிறா, முன்னே பார்த்தபடி.
இரவில் யன்னலுக்குச் சின்னக் கல்.
முடிந்துவிட்டது என்று நான் சொல்லிப் பதினாலு மாதம்.
பக்கத்துக் கடைப் பிள்ளை கூப்பிடுகிறாள்:
"அக்கா, உங்கட பிரெண்ட் வெய்யிலுக்க நிக்கிறா, பாவம்."
வீட்டுக்குப் போனால் குசினியில் இருக்கிறா.
அம்மா அவவுக்குத் தேத்தண்ணி ஆற்றுகிறா.

கடிதமென்றால் 'அவர்' என்று ஒளிந்துகொள்ளலாம்.
எங்கள் ஊர் வாயில் அதற்கும் வழியில்லை,
மரியாதையிலும் அவர் வேறு, அவா வேறு.
மூச்சு விட்டால் தெரிந்துவிடும்.

அன்றைக்கு மேசையில் இருந்தது
குருநாகல் பக்கத்துச் சார்ஜன்ட்.
தமிழ் இல்லை. என்னிடம் உடைந்த சிங்களம்.
"எயா கவுத?" என்றான்.

எயா.
அவனுமில்லை, அவளுமில்லை, வெறும் ஆள்.
சோதனைச் சாவடிகளில் பயந்து பயந்து
பொறுக்கிய பாஷையில்
இப்படியொரு நிழல் இருந்ததை நான் கவனித்ததேயில்லை.
எயா பின்னால் வருகிறது என்றேன்.
எயா கல்லெறிகிறது.
எயாவுக்கு என் வீட்டுத் திறப்பு வைக்கும் இடம் தெரியும்.
ஐந்து நிமிடம், அந்த மேசையில்
என் பயம் மட்டும் இருந்தது, வேறெதுவும் இல்லை.

எழுதி முடித்துப் புத்தகத்தைத் திருப்பினான்.
எழுத்துக் கூட்டி வாசிப்பேன் என்று அவனுக்குத் தெரியாது.
ஒஹு, என்று இருந்தது. அவன்.
ஒஹு வந்தான். ஒஹு எறிந்தான்.
என்னைக் கேட்கவேயில்லை.

வெளியே, கேற்றுக்கு அந்தப் பக்கம்
பவுஸ்தீனா தொலைபேசியைப் பார்த்துக்கொண்டு நின்றா.
கையெழுத்து வைத்தால் போகலாம்.
வைத்தால், இல்லாத ஒருவனை இவர்கள் தேடுவார்கள்,
எமிலின் கடனைப் போல.

விரலை அந்தச் சொல்லின் மேல் வைத்தேன்.
"நெவெயி" என்றேன். இல்லை.

பேனை நின்றது.
அவன் முதல் தடவையாக நிமிர்ந்து
என்னைப் பார்த்தான்.